சீடிஎன்னும் குபெர்னெட்டிஸும் இருந்தும் தளம் திணறினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

திருகோணமலையில் வேலை செய்யும் சிறு குழுக்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சீடிஎன் என்பது தளத்தின் பிரதிகளைப் பார்வையாளருக்கு அருகிலுள்ள சேர்வர்களிலிருந்து கொடுக்கும் வலையமைப்பு. குபெர்னெட்டிஸ் என்பது செயலியைப் பல கணினிகளில் ஓட்டிப் பராமரிக்கும் மென்பொருள், அந்தக் கணினிக் கூட்டம்தான் கிளஸ்டர். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கு முன்பதிவுத் தளம் செய்பவர்கள், கோணேசர் கோயில் திருவிழாவை நேரலையாகக் காட்டும் பக்கத்தைப் பராமரிப்பவர்கள், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி படித்துவிட்டு முதல் வேலையிலேயே ஒரு கிளஸ்டருக்குப் பொறுப்பாகிவிட்ட இளையவர்கள். இவர்களுக்கு வரும் நெருக்கடி ஏறக்குறைய ஒரே மாதிரிதான். மாதக்கணக்கில் அமைதியாக இருந்த தளத்துக்கு, சீசன் தொடங்கும்போதோ, தேர்த் திருவிழா அன்றோ, டித்வா புயல் வந்த 2025 நவம்பர் இறுதி போன்ற நாட்களிலோ, ஒரு மணித்தியாலத்துக்குள் பெரும் கூட்டம் வந்து சேரும்.

அந்த நேரத்தில் எல்லாரும் முதலில் செய்வது பொட் (கிளஸ்டரில் ஓடும் செயலியின் ஒரு பிரதி) எண்ணிக்கையைக் கூட்டுவது. பல வேளைகளில் அதனால் பயன் இல்லை. சில வேளைகளில் நிலைமை இன்னும் மோசமாகும், ஏன் என்று கீழே வரும். பொட் எண்ணிக்கையில் கை வைக்கும் முன், பிழையைச் சொன்னது எந்த அடுக்கு என்று கண்டுபிடியுங்கள்.

முதலில்: பதில் சொன்னது யார்?

ஒரு வேண்டுகோள் போகும் பாதை இதுதான்: பிரவுசர், சீடிஎன் விளிம்பு சேர்வர், கிளவுட் லோட் பலன்சர் (பாரத்தைப் பங்கிடுவது), இன்க்ரஸ் (கிளஸ்டரின் வாசல்), சேர்விஸ் (பொட்டுகளுக்கான பொது முகவரி), கடைசியில் பொட். இந்த ஆறில் பின்னாலுள்ள ஐந்துக்கும் பிழை சொல்லவோ இணைப்பை அறுக்கவோ முடியும். எல்லாம் பார்வையாளருக்கு ஒரே வெள்ளைப் பக்கமாகத்தான் தெரியும்.

கேர்ள் கட்டளையால் பதிலின் ஹெடர்களை (பதிலோடு வரும் குறிப்பு வரிகளை) மட்டும் எடுத்துப் பாருங்கள். கிளவுட்ஃபிளேர் என்ற சீடிஎன்னைப் பாவித்தால் சிஎஃப்-ரே என்ற ஹெடரின் முடிவில் மூன்றெழுத்து விமான நிலையக் குறி இருக்கும். சிஎம்பி என்றால் கொழும்பு, எம்ஏஏ என்றால் சென்னை, எஸ்ஐஎன் என்றால் சிங்கப்பூர். திருகோணமலையில் இருக்கும் ஒருவருக்குச் சிங்கப்பூர்க் குறி வந்தால், அவருடைய இணைய நிறுவனம் போக்குவரத்தை அந்த வழியாக அனுப்புகிறது என்று பொருள். உங்கள் கிளஸ்டரில் அதற்கு மருந்து இல்லை. வேறொரு சிம்மில் அதே பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அதை அங்கேயே விடுங்கள்.

அடுத்து, அதே வேண்டுகோளை மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். சீடிஎன் வழியாக ஒரு முறை. பின்பு கேர்ளின் ரிசோல்வ் தெரிவால் டொமைன் பெயரை லோட் பலன்சரின் ஐபிக்கு நேரே கட்டி ஒரு முறை. அப்புறம் போர்ட்-ஃபோர்வேர்ட் செய்து (உங்கள் கணினியிலிருந்து பொட்டுக்கு நேர்வழி திறந்து) பொட்டிடமே ஒரு முறை. பொட் சரியாகப் பதில் சொல்லி, லோட் பலன்சர் வழியாக வரும்போது பிழை வந்தால், குற்றவாளி இடையில் இருக்கிறது. மூன்றிலும் ஒரே தாமதம் என்றால் உங்கள் செயலியோ தரவுத்தளமோதான். கீழே வரும் எதையும் செய்யும் முன் இதைச் செய்யுங்கள். சில நிமிடங்களில் முடியும், ஓர் இரவைக் காப்பாற்றும்.

அறிகுறி: இடையிடையே 502, பொட் பதிவில் ஒன்றும் இல்லை

பக்கங்கள் நன்றாகத் திறக்கின்றன. ஆனால் ‘முன்பதிவு செய்’ பொத்தானை அழுத்துபவர்களில் ஒருசிலருக்கு மட்டும் 502, அதாவது பின்னால் உள்ள சேர்வரிடமிருந்து சரியான பதில் இல்லை என்ற பிழை, வருகிறது. பொட்டின் பதிவில் (லொக்கில்) அந்த வேண்டுகோள் வந்ததற்கான தடயமே இல்லை.

இது பெரும்பாலும் கீப்-அலைவ் நேரப் பொருத்தமின்மை, அதாவது சும்மா இருக்கும் இணைப்பை ஒவ்வோர் அடுக்கும் வேறு வேறு நேரம் திறந்து வைப்பது. என்ஜின்எக்ஸ் இன்க்ரஸ் பொட்டுக்கான இணைப்பை இயல்பாக 60 செக்கன் திறந்தே வைத்திருக்கும். ஏடபிள்யூஎஸ் அப்ளிகேஷன் லோட் பலன்சரின் சும்மா இருக்கும் நேர எல்லையும் இயல்பில் 60 செக்கன்தான். ஆனால் நோட்.ஜேஎஸ் சேர்வர் நீண்டகாலமாக 5 செக்கனில் இணைப்பை மூடும் இயல்போடு வருகிறது. பொட் மூடிக்கொண்டிருக்கும் அதே கணத்தில் இன்க்ரஸ் அந்த இணைப்பில் ஒரு வேண்டுகோளை அனுப்பினால் 502.

பொத்தானை அழுத்துபவர்களுக்கு மட்டும் ஏன்? ஒரு பொட் இணைப்பை அறுத்தால், கெட் (பக்கத்தைக் கேட்கும்) வேண்டுகோளை என்ஜின்எக்ஸ் சத்தமில்லாமல் அடுத்த பொட்டுக்கு அனுப்பிவிடும். போஸ்ட் (தகவலை அனுப்பும்) வேண்டுகோளை அப்படி மறுபடி அனுப்பாது, ஒரே முன்பதிவு இரண்டு தரம் பதிவாகிவிடக் கூடாது என்பதற்காக. அது சரியான முடிவுதான், அதை மாற்றப் போகாதீர்கள். செயலியின் கீப்-அலைவ் நேரத்தை அதற்கு முன்னால் நிற்கும் அடுக்கின் நேரத்தைவிடக் கூடுதலாக, 65 அல்லது 75 செக்கன் என்று வையுங்கள். பாதையில் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரைவிடப் பொறுமையாக இருக்க வேண்டும் என்று நினைவில் வைத்தால் போதும்.

அறிகுறி: புதிய பதிப்பு ஏற்றும்போது மட்டும் 502, 503

பொட் ஒன்றை அகற்றும்போது இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. பொட்டுக்குச் சிக்டேர்ம் என்ற அணையச் சொல்லும் சமிக்ஞை போகிறது. இன்னொரு பக்கம், எண்ட்பொயின்ட் பட்டியலிலிருந்து (தயாராக உள்ள பொட்டுகளின் முகவரிப் பட்டியல்) அதன் முகவரி நீக்கப்பட்டு, அந்தச் செய்தி ஒவ்வொரு நோட்டுக்கும் (பொட்டுகள் ஓடும் கணினி) இன்க்ரஸுக்கும் போய்ச் சேருகிறது. எது முந்தும் என்று யாரும் உறுதி தர முடியாது. பொட் உடனே அணைந்துவிட்டால், செய்தி போய்ச்சேரும் வரை வரும் வேண்டுகோள்கள் மூடிய கதவில் முட்டும்.

பிரீஸ்டொப் (அணையும் முன் ஓடும்) பகுதியில் 5 முதல் 15 செக்கன் வரை சும்மா காத்திருக்கச் சொல்லுங்கள். புதிய குபெர்னெட்டிஸ் பதிப்புகளில் ஸ்லீப் என்பதே நேரடித் தெரிவாக உண்டு. அந்த நேரமும், கையில் உள்ள வேலையை முடிக்கும் நேரமும் சேர்ந்து அணைப்பு அவகாசத்துக்குள் அடங்க வேண்டும். இயல்பான அவகாசம் 30 செக்கன். தாண்டினால் பொட் கொல்லப்படும். இன்னொன்று: கொள்கலனைக் கட்டும் டொக்கர்ஃபைலில் தொடக்கக் கட்டளையை ஷெல் வடிவில் எழுதியிருந்தால், சிக்டேர்ம் ஷெல்லுக்கு மட்டும் போய் உங்கள் செயலிக்குப் போகாமல் நின்றுவிடலாம். பொட் அணைய ஒவ்வொரு முறையும் முழு 30 செக்கன் எடுத்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ரெடினஸ் புரோப் (பொட் தயாரா என்று கேட்கும் சோதனை) இல்லாமல் இதெல்லாம் பாதிப் பயன்தான். அது இல்லையென்றால் கொள்கலன் ஓடத் தொடங்கியதுமே பொட் தயார் என்று குபெர்னெட்டிஸ் நம்பிவிடும். தரவுத்தள இணைப்பு இன்னும் கிடைக்காத பொட்டுக்கும் ஆட்களை அனுப்பும்.

அறிகுறி: ஒரு பொட் வேர்க்கிறது, மற்றவை சும்மா இருக்கின்றன

எனக்கு மிக முக்கியமாகப் படும் அறிகுறி இது. லோட் பலன்சிங் என்ற சொல் தரும் நம்பிக்கை உடைவது இங்கேதான். முதலில் சீபியுவைப் பார்க்காமல், பொட் ஒவ்வொன்றுக்கும் நிமிடத்துக்கு எத்தனை வேண்டுகோள் வருகிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை சமமாக இருந்து ஒன்றுக்கு மட்டும் சீபியு ஏறினால், பாரமான வேலை ஏதோ அங்கே மாட்டியிருக்கிறது. எண்ணிக்கையே சமமில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

குபெர்னெட்டிஸ் சேர்விஸ் பகிர்வது இணைப்புகளை, வேண்டுகோள்களை அல்ல. ஒரு டிசிபி இணைப்பு திறக்கும்போது கியூப்-புரொக்சி (போக்குவரத்தைப் பொட்டுகளுக்குத் திருப்பும் குபெர்னெட்டிஸ் பகுதி) எழுதிவைத்த விதிகளின்படி ஒரு பொட் தெரிவாகும். அதன்பின் அந்த இணைப்பில் வரும் எல்லாமே அதே பொட்டுக்குத்தான். எச்டிடிபி/2, ஜிஆர்பிசி போன்ற தொடர்பு முறைகள் ஓர் இணைப்பைத் திறந்து நீண்ட நேரம் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான வேண்டுகோள்களை அதில் அனுப்புபவை. ஆகவே உள்ளே இரண்டு சேவைகள் ஜிஆர்பிசியில் பேசினால், ஐந்து பொட் வைத்தாலும் ஒன்றுதான் உழைக்கும். புதிதாகக் கூட்டிய பொட்டுகளுக்கு ஒன்றுமே வராது, ஏனெனில் பழைய இணைப்புகள் பழைய பொட்டுகளிலேயே இருக்கின்றன. தீர்வுகள்: ஹெட்லெஸ் சேர்விஸ் (பொட் முகவரிகளை நேரே தருவது) வைத்து அழைக்கும் பக்கமே பகிர்வது, லிங்கர்டி அல்லது இஸ்டியோ போன்ற சேர்விஸ் மெஷ் (சேவைகளுக்கு இடையே நின்று வேண்டுகோள்களைப் பகிர்வது) வைப்பது, அல்லது இணைப்புகளுக்கு அதிகபட்ச வயது வைத்து இடையிடையே மூடித் திறப்பது. சிறிய குழுவுக்கு மூன்றாவதுதான் நல்லது. மெஷ் என்பது பராமரிக்க வேண்டிய இன்னொரு பெரிய அமைப்பு.

அடுத்த காரணம் சீடிஎன்னும் குபெர்னெட்டிஸும் சேரும் இடத்தில் பிறப்பது. யாரோ ஒருவர் ஒரு காலத்தில் லொகின் சிக்கலுக்காக சேர்விஸில் செஷன் அஃபினிட்டியைக் கிளையன்ட் ஐபி என்று வைத்திருப்பார். ஒரே ஐபியிலிருந்து வருபவர் ஒரே பொட்டுக்குப் போவார், இயல்பாக 10800 செக்கன், அதாவது மூன்று மணித்தியாலம். அப்போது அது நன்றாக வேலை செய்திருக்கும். பின்னர் சீடிஎன் போட்டீர்கள். இப்போது கிளஸ்டரின் கண்ணுக்கு ஆயிரம் பேர் இல்லை. சீடிஎன்னின் விளிம்பு சேர்வர்களின் ஒருசில ஐபிகள்தான் இருக்கின்றன. அந்த ஒருசில ஐபிகள் ஒருசில பொட்டுகளில் ஒட்டிக்கொள்கின்றன. கொழும்பு விளிம்பு வழியாக வரும் இலங்கைப் பார்வையாளர்களில் பெரும்பகுதி ஒரே பொட்டில் குவிந்துவிடலாம். அஃபினிட்டியை எடுத்துவிடுங்கள். செஷனை ரெடிஸ் போன்ற பொது இடத்தில் வையுங்கள். உடனே அது முடியாது என்றால், இன்க்ரஸில் குக்கி வழியாக ஒட்டவையுங்கள், குக்கி ஒவ்வொரு ஆளுக்கும் வேறு.

மூன்றாவதாக, எக்ஸ்டேர்னல் டிராஃபிக் பொலிசியை லோக்கல் (வந்து சேர்ந்த நோட்டில் உள்ள பொட்டுக்கே கொடு) என்று வைத்திருந்தால், லோட் பலன்சர் நோட்டுகளுக்குச் சமமாகப் பங்கிடும், பொட்டுகளுக்கு அல்ல. ஒரு நோட்டில் மூன்று பொட்டும் மற்றதில் ஒன்றும் இருந்தால், தனியாக இருப்பது பாதிப் பாரத்தைச் சுமக்கும். பொட்டுகளை நோட்டுகளில் பரப்பிவைக்கும் விதியைச் சேர்த்தால் இது தீரும்.

அறிகுறி: சீடிஎன் இருக்கிறது, ஆனாலும் எல்லாப் பாரமும் கிளஸ்டருக்கே வருகிறது

சிஎஃப்-கேஷ்-ஸ்டேட்டஸ் ஹெடரைப் பாருங்கள். ஹிட் என்றால் விளிம்பிலேயே பதில் கிடைத்தது. டைனமிக் என்றால் கேஷ் செய்ய (பிரதி எடுத்து வைக்க) அது முயலவே இல்லை. கிளவுட்ஃபிளேர் இயல்பில் படம், ஸ்டைல்ஷீட், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற கோப்பு வகைகளைத்தான் கேஷ் செய்யும். எச்டிஎம்எல் பக்கத்தையும் ஜேசன் பதிலையும் நீங்கள் விதி எழுதிச் சொல்லாதவரை தொடாது. சீடிஎன் போட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்று இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: திருவிழா நேர அட்டவணைப் பக்கம் ஒவ்வொரு தடவையும் உங்கள் பொட்டிடமிருந்துதான் வந்துகொண்டிருக்கும்.

விதி எழுதியும் பைபாஸ் (கேஷைத் தவிர்த்தது) என்று வந்தால், பதிலோடு செட்-குக்கி ஹெடர் போகிறதா என்று பாருங்கள். பல வலைச் சட்டகங்கள் எல்லாப் பக்கத்துக்கும் கேட்காமலே ஒரு செஷன் குக்கி கொடுக்கும். பொதுப் பக்கங்களில் அதை நிறுத்துங்கள்.

மிஸ், மிஸ், மிஸ் (கேஷில் பிரதி இல்லை) என்று வந்துகொண்டே இருந்தால் முகவரியைப் பாருங்கள். ஃபேஸ்புக்கில் பகிரப்பட்ட இணைப்பை அழுத்தி வருபவர் ஒவ்வொருவருக்கும் எஃப்பிசிஎல்ஐடி என்று ஒரு நீண்ட வால் முகவரியில் சேரும், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. கேஷின் கண்ணில் ஒவ்வொன்றும் புதிய பக்கம். நமது ஊர்த் தளங்களுக்குக் கூட்டம் ஃபேஸ்புக் வழியாக வரும் நாளில் இது ஒன்றே கேஷைப் பயனற்றதாக்கப் போதும். கேஷ் சாவியிலிருந்து (பிரதியை அடையாளம் காணும் முகவரியிலிருந்து) எஃப்பிசிஎல்ஐடியையும் யூடிஎம் என்ற கண்காணிப்பு வால்களையும் விலக்குங்கள்.

கேஷ் காலம் முடியும் அந்தக் கணமும் ஆபத்தானது. பரபரப்பான பக்கம் காலாவதியானதும் பல விளிம்புகளிலிருந்து ஒரே நேரத்தில் கிளஸ்டருக்கு ஓடிவருவார்கள். கேஷ்-கண்ட்ரோல் ஹெடரில் ஸ்டேல்-வைல்-ரீவாலிடேட் சேர்த்தால், பழைய பிரதியைக் கொடுத்துக்கொண்டே பின்னால் புதியதை எடுக்கும். ஸ்டேல்-இஃப்-எரர் சேர்த்தால், கிளஸ்டர் விழுந்திருக்கும்போது பழைய பிரதியாவது மக்களுக்குப் போகும். இவற்றை எவ்வளவு மதிக்கிறது என்பது சீடிஎன்னுக்குச் சீடிஎன் வேறுபடும், உங்களுடையதில் ஒரு சோதனைப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கைப் பக்கத்துக்கு 30 செக்கன் கேஷ் காலம்கூட மிகப் பெரிய வித்தியாசம் தரும். அரை நிமிடம் பழைய எச்சரிக்கை, திறக்கவே மறுக்கும் பக்கத்தைவிட மேல்.

ஆனால் ஒன்றை மறக்கவே கூடாது. லொகின் செய்த பின் வரும் எந்தப் பக்கமும் பிரைவேட், நோ-ஸ்டோர் (கேஷில் வைக்காதே) என்று போக வேண்டும். ஒரு விருந்தாளியின் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் உள்ள முன்பதிவுப் பக்கம் கேஷில் ஏறி இன்னொருவருக்குப் போனால், தளம் மெதுவாக இருந்ததைவிடப் பல மடங்கு தீங்கு. எச்டிஎம்எல் கேஷ் விதி எழுதும்போது எவற்றைச் சேர்ப்பது என்று தொடங்குங்கள், எவற்றை விலக்குவது என்று தொடங்காதீர்கள்.

அறிகுறி: பொட் கூடக் கூடப் பிழையும் கூடுகிறது

பொட்டுகள் மூன்றிலிருந்து ஆறாகின. பிழை குறையவில்லை, பெருகியது. தரவுத்தளத்தைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் இயல்பான அதிகபட்ச இணைப்பு எண்ணிக்கை 100. ஒவ்வொரு பொட்டும் 20 இணைப்புகள் கொண்ட குளம் (தயாராகத் திறந்து வைத்த தொகுப்பு) வைத்திருந்தால் மூன்று பொட்டுக்கு 60, ஆறு பொட்டுக்கு 120. ஐந்தாவது பொட்டிலேயே எல்லை தொட்டாயிற்று, அதற்கு மேல் வரும் பொட்டுக்கு இணைப்பே கிடைக்காது. குளத்தைச் சிறிதாக்குங்கள், அல்லது இடையில் பிஜிபவுன்சர் (இணைப்புகளைப் பொதுவாகப் பகிர்ந்தளிப்பது) வையுங்கள். தானியங்கி அளவிடலின் உச்ச எண்ணிக்கையை முடிவு செய்யும்போது இந்தப் பெருக்கல் கணக்கைப் போட்டே முடிவு செய்யுங்கள்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு: பொட் கூடவே இல்லை. எச்பிஏ (பொட் எண்ணிக்கையைத் தானே கூட்டிக் குறைக்கும் பகுதி) நிலையில் ‘அன்னோன்’ என்று காட்டினால், மெட்ரிக்ஸ் சேர்வர் இல்லை அல்லது பொட்டுக்கு சீபியு ரிக்வெஸ்ட் (ஒதுக்கக் கேட்கும் அளவு) எழுதவில்லை. நூற்றுவீதம் எதற்கு எதிராகக் கணக்கிடுவது என்று அதற்குத் தெரியாது. எழுதியிருந்தால் கணக்கு எளிது: நான்கு பொட் சராசரி 90 வீதத்தில் ஓட, இலக்கு 60 என்றால், நான்கை 90/60 ஆல் பெருக்கி ஆறு கேட்கும். 15 செக்கனுக்கு ஒருமுறை பார்க்கும். குறைப்பதற்கு முன் 300 செக்கன் காத்திருக்கும். ஆனால் புதிய நோட் வந்து, இமேஜ் இறங்கி, செயலி தயாராகச் சில நிமிடங்கள் போகலாம். நேரம் தெரிந்த கூட்டத்துக்கு, அதாவது தேர், தீர்த்தம், விடுதிச் சலுகை அறிவிப்பு போன்றவற்றுக்கு, முந்திய நாளே குறைந்தபட்ச எண்ணிக்கையைக் கூட்டிவையுங்கள்.

சீபியு சராசரி குறைவாகத் தெரிந்தும் பக்கம் மெதுவாக இருந்தால் சீபியு லிமிட்டைச் சந்தேகியுங்கள். அரை கோர் லிமிட் என்றால் ஒவ்வொரு 100 மில்லிசெக்கனிலும் 50 மட்டும் ஓடலாம். செயலிக்குள் பல திரெட்கள் (இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் ஓடினால் அது முதல் சில மில்லிசெக்கனிலேயே தீர்ந்து, மிச்ச நேரம் பொட் உறைந்து நிற்கும். திரொட்லிங் (இப்படி உறையவைப்பது) அளவீட்டைப் பார்க்காமல் இது பிடிபடாது.

அறிகுறி: கூட்டம் வந்ததும் பொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறுதொடக்கம்

வெளியேற்றக் குறி 137, காரணம் ஓஓஎம்கில்ட் என்றால் நினைவகம் போதவில்லை. அதுவல்ல என்றால் லைவ்னஸ் புரோப்பை (பொட் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் சோதனையை) பாருங்கள். அதன் இயல்பான காத்திருப்பு 1 செக்கன், 10 செக்கனுக்கு ஒருமுறை கேட்கும், மூன்று முறை தவறினால் கொள்கலனை மறுபடி தொடங்கும். நெரிசலில் பதில் 2 செக்கன் எடுத்தால், உயிரோடு உழைத்துக்கொண்டிருக்கும் பொட் கொல்லப்படும். அதன் பாரம் அடுத்ததில் விழும், அடுத்ததும் விழும். லைவ்னஸின் காத்திருப்பைக் கூட்டுங்கள், அதில் தரவுத்தளத்தைச் சோதிக்காதீர்கள். தரவுத்தளம் ஒரு நிமிடம் தடுமாறினால் எல்லாப் பொட்டையும் கொல்வதில் யாருக்கும் நன்மை இல்லை.

அறிகுறி: எல்லாருக்கும் 429

429 என்றால் வேண்டுகோள்கள் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்ற மறுப்பு. இன்க்ரஸில் ஐபி வாரியாக வேகக் கட்டுப்பாடு வைத்திருந்து, முன்னால் சீடிஎன் இருந்தால், கட்டுப்பாடு விழுவது சீடிஎன்னின் ஐபி மீது. சீடிஎன் தரும் ஹெடரிலிருந்து உண்மையான ஐபியை எடுக்க இன்க்ரஸுக்குச் சொல்லுங்கள். அந்த ஹெடரைச் சீடிஎன்னின் ஐபி வரம்பிலிருந்து வந்தால் மட்டும் நம்பச் சொல்லுங்கள், இல்லையெனில் யாரும் பொய் ஐபி எழுதி அனுப்பலாம். அப்படியும் கைத்தொலைபேசி இணையத்தில் பலர் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் இருப்பார்கள். இங்கே பெரும்பாலானோர் கைத்தொலைபேசியில்தான் வருகிறார்கள், ஆகவே எல்லையைத் தாராளமாக வையுங்கள். லொகின், முன்பதிவு போன்ற பக்கங்களுக்கு மட்டும் இறுக்குங்கள்.

அறிகுறி: கிளவுட்ஃபிளேரின் 52 வரிசை எண்களும் முடிவில்லாத திசைதிருப்பலும்

521 என்றால் கிளஸ்டர் பக்கம் இணைப்பை மறுத்தது. 522 என்றால் இணைப்பே கிடைக்கவில்லை, பெரும்பாலும் ஃபயர்வோல் சீடிஎன் ஐபியைத் தடுக்கிறது. 524 என்றால் இணைந்தும் பதில் உரிய நேரத்தில் வரவில்லை, நீண்ட அறிக்கை வேலைகளைப் பின்னணிக்கு மாற்றுங்கள். 525, 526 இரண்டும் சான்றிதழ் சிக்கல். பக்கம் முடிவில்லாமல் திசைதிரும்பினால், சீடிஎன்னில் டிஎல்எஸ் (மறைகுறியாக்க) முறை ஃபிளெக்சிபிள், அதாவது கிளஸ்டரிடம் வெறும் எச்டிடிபியில் பேசு, என்று இருக்கும், இன்க்ரஸ் எல்லாரையும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். முறையை ஃபுல் ஸ்டிரிக்ட் ஆக்கி, கிளஸ்டரில் சரியான சான்றிதழ் வையுங்கள்.

அறிகுறி: உங்கள் பக்கம் எல்லாம் சரி, ஆனாலும் உலகம் முழுவதும் 5 வரிசைப் பிழை

சீடிஎன்னே விழும் நாளும் உண்டு. 2025 நவம்பர் 18 அன்று, நமது நேரம் மாலை 5 மணியை ஒட்டிக் கிளவுட்ஃபிளேர் பெரிய அளவில் தடுமாறியது. தரவுத்தள அனுமதி மாற்றம் ஒன்றால், தானியங்கி நிரல்களை இனங்காணும் பகுதிக்கான ஒரு கோப்பு இரட்டிப்பாகப் பருத்து அவர்களின் மென்பொருளை விழுத்தியது. டேஷ்போர்டுக்குள் நுழையவும் பலரால் முடியவில்லை.

லோட் பலன்சருக்கு நேரே கேட்ட சோதனை இங்கே உதவும். அது நன்றாகப் பதில் சொன்னால் காத்திருப்பதா, சீடிஎன்னை விலக்குவதா என்று மட்டும்தான் முடிவு செய்ய வேண்டும். விலக்கினால் கேஷ் தாங்கிய பாரம் முழுதும் கிளஸ்டருக்கு வரும், உங்கள் உண்மையான ஐபியும் வெளியே தெரியும். முன்பதிவுத் தளத்துக்கு நான் காத்திருக்கவே சொல்வேன். எச்சரிக்கைப் பக்கம் என்றால், வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்தில் வெறும் எழுத்து மட்டும் உள்ள ஒரு பிரதியை வேறு டொமைன் பெயரில் முன்பே வைத்து, அந்த முகவரியைப் பிரதேச வாட்ஸ்அப் குழுக்களில் முன்கூட்டியே பகிர்ந்துவிடுங்கள். அந்த டொமைனின் டிஎன்எஸ்ஸும் அதே சீடிஎன்னிடம் இருக்கக் கூடாது.